எட்டு முறை 500 மீட்டர்: இடைவெளிப் பயிற்சியைப் பதிவேட்டில் எழுத நான்கு வழிகள்

ரோயிங் மெஷினில், அதாவது துடுப்புப் போடுவது போல இழுக்கும் உடற்பயிற்சி மெஷினில், 5,000 மீட்டரை ஒரே மூச்சில் இழுத்தால் பதிவேட்டில் எழுதுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை. தூரம், நேரம், சராசரி வேகம் என்று மூன்று எண்கள் போதும். இடைவெளிப் பயிற்சி என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது. 500 மீட்டர் இழுத்து, மூன்றரை நிமிடம் ஓய்ந்து, மறுபடி 500 என்று எட்டு முறை செய்தவர் அன்றைய கணக்கில் எதை எழுதுவது? 4,000 மீட்டர் என்றா? ஓய்வில் சோம்பலாக இழுத்த மீட்டர்களையும் சேர்த்தா? எட்டையும் எட்டு வரிகளாகவா? இதைக் கேட்ட வாசகர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு முறையில் சில மாதங்கள் எழுதிவிட்டு, அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று சலித்தவர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வரியைப் பார்த்து அடுத்த பயிற்சியின் வேகத்தை முடிவு செய்ய முடிய வேண்டும். அது முடியாத பதிவேடு மீட்டர் கணக்குக்கு உதவும், பயிற்சிக்கு உதவாது. கீழே வரும் நான்கு முறைகளையும் இந்த ஒரு கேள்வியோடுதான் அணுகுகிறேன். மற்ற அளவுகோல்கள் இதற்குப் பின்னால்தான்.

உதாரணங்கள் கான்செப்ட்2 மெஷினை வைத்துத்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகேக்கர் சகோதரர்கள் 1976இல் தொடங்கிய நிறுவனம் அது. வீட்டுக்குள் இழுக்கும் மெஷின் 1981இல் வந்தது. அதன் மானிட்டர், ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு காற்றாடிச் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்று அளந்து, அதைக் கொண்டு உங்கள் உழைப்பைக் கணக்கிடுகிறது. அதனால் சென்னை ஜிம் ஒன்றில் இழுத்த 2,000 மீட்டரையும் லண்டனில் இழுத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. வேறு மெஷின் வைத்திருப்பவர்கள் நான்காவது முறைக்கு நேராகப் போகலாம்.

## எதை வைத்து எடை போடுவது

அடுத்த பயிற்சிக்கு வழிகாட்டுமா? பிரிட்டனைச் சேர்ந்த பீட் மார்ஸ்டன் வகுத்த 'பீட் பிளான்' என்ற திட்டத்தைப் பலர் பின்பற்றுகிறார்கள். அதன் இடைவெளிப் பயிற்சிகளுக்கு எளிய விதி ஒன்று உண்டு. இதே பயிற்சியைப் போன முறை செய்தபோது கிடைத்த சராசரி வேகத்தில் கடைசிச் சுற்று தவிர மற்றதையெல்லாம் இழுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டும். அதில் கிடைக்கும் புதுச் சராசரி அடுத்த முறைக்கு இலக்காகும். இந்தத் திட்டத்தில் இருப்பவருக்குப் பதிவேடு இல்லையென்றால் பயிற்சியே இல்லை. வேறு திட்டத்தில் இருப்பவருக்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

ஓய்வு தெரிகிறதா? 8×500 என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். சுற்றுகளுக்கு நடுவே மூன்றரை நிமிடம் விட்டால் தசையில் உடனடி ஆற்றலுக்கான இருப்பு பெருமளவு திரும்பிவிடும். ஒரு நிமிடம் விட்டால் அந்த அளவு திரும்பாது. இரண்டும் வெவ்வேறு பயிற்சிகள், வேகமும் வெவ்வேறாகத்தான் வரும். ஓய்வை எழுதாதவர், மூன்று மாதம் கழித்துத் தன் வேகம் ஏன் விழுந்தது என்று கவலைப்படுவார். விழுந்திருக்காது, அன்று ஓய்வு குறைவாக இருந்திருக்கும்.

ஒத்த பயிற்சியோடு ஒப்பிட முடியுமா? டிராக் ஃபேக்டர் (சக்கரத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்), சுற்றை எப்படித் தொடங்கினீர்கள் என்பது, எந்த மெஷின் என்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். டேம்பரை, அதாவது சக்கரத்துக்குள் நுழையும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, 4இல் வைத்தேன் என்று எழுதுவது போதாது. வலைக்குள் தூசி அடைந்த ஜிம் மெஷினில் அதே 4, சுத்தமான மெஷினின் 4 ஆகாது. மானிட்டர் காட்டும் டிராக் ஃபேக்டர் எண்தான் நம்பத்தக்கது.

எழுதி முடிக்க எவ்வளவு பாடு? எட்டாவது சுற்று முடிந்து கால் நடுங்க உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இதை இலேசாக நினைக்கிறவர்களின் பதிவேடுதான் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறது.

பல ஆண்டு கழித்தும் கையில் இருக்குமா? செயலி மாறும், கைப்பேசி மாறும், நிறுவனங்கள் கொள்கையை மாற்றும்.

## முறை 1: ஒரே வரி

இதில் இரண்டு வகை. ஒன்றை உடனே ஒதுக்கிவிடலாம்: உழைப்பையும் ஓய்வையும் கூட்டி ஒரே கணக்காக எழுதுவது. எட்டுச் சுற்றுக்கும் சேர்த்து 14:53.2 ஆனது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏழு ஓய்வு, ஒவ்வொன்றும் 3:30, ஆக 24:30. ஓய்வில் தலா 300 மீட்டர் மெதுவாக இழுத்தால் 2,100 மீட்டர். எல்லாம் சேர்த்து 39:23.2 நேரத்தில் 6,100 மீட்டர். ஸ்பிளிட், அதாவது 500 மீட்டருக்கு ஆகும் நேரம், 3:13.7 என்று வரும். அன்று அந்த வேகத்தில் நீங்கள் எந்த நிமிடத்திலும் இழுக்கவில்லை. இந்த எண்ணால் யாருக்கும் எந்தப் பயனும் கிடையாது.

இரண்டாவது வகை மரியாதைக்குரியது. உழைத்த தூரம், உழைத்த நேரம், சராசரி ஸ்பிளிட்: 8×500, ஓய்வு 3:30, மொத்தம் 14:53.2, சராசரி 1:51.7. எழுத அரை நிமிடம் கூட ஆகாது. ஓய்வு இருக்கிறது, சராசரி இருக்கிறது. பீட் பிளானின் விதிக்குத் தேவையானதும் இருப்பது போலத் தோன்றுகிறது.

எங்கே குழி என்றால், இரண்டு விதமான 14:53.2 உண்டு. கீழே உள்ள இரண்டு வரிசைகளையும் கூட்டிப் பாருங்கள்.

| சுற்று | நிதானமானவர் | அவசரக்காரர் |
|---|---|---|
| 1 | 1:52.0 | 1:46.5 |
| 2 | 1:52.1 | 1:48.0 |
| 3 | 1:51.8 | 1:50.0 |
| 4 | 1:52.0 | 1:52.0 |
| 5 | 1:52.3 | 1:53.2 |
| 6 | 1:52.2 | 1:54.5 |
| 7 | 1:52.0 | 1:55.0 |
| 8 | 1:48.8 | 1:54.0 |
| மொத்தம் | 14:53.2 | 14:53.2 |

முதலாமவர் கடைசிச் சுற்றில் மூன்று விநாடிக்கு மேல் வேகம் கூட்டியிருக்கிறார். அவரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை 1:51.5இல் தொடங்கலாம். இரண்டாமவர் முதல் மூன்று சுற்றிலேயே காலியாகிவிட்டார். அவருக்கு அடுத்த முறை தேவைப்படுவது வேகம் அல்ல, முதல் சுற்றில் கடிவாளம். ஒரே வரியில் இருவரும் இரட்டையர்கள்.

வாட்ஸ் கணக்கில் இது இன்னும் உறைக்கும். மெஷினில் ஆற்றல், வேகத்தின் மூன்றாம் படியாக ஏறுகிறது: ஒரு மீட்டருக்கு ஆகும் விநாடியை மூன்று முறை வைத்து ஒன்றோடொன்று பெருக்கி, 2.80ஐ அதனால் வகுத்தால் வாட்ஸ் வரும். 1:46.5 என்பது சுமார் 290 வாட்ஸ், 1:55.0 சுமார் 230. விநாடிக் கணக்கில் எட்டரைதான், உடம்புக்கு அது 60 வாட்ஸ் சரிவு.

ஒரே வரி எங்கே சிறப்பு என்றால், சுற்றுகள் மிகக் குட்டையாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும்போது. 30 விநாடி இழுப்பு, 30 விநாடி ஓய்வு என்று இருபது முறை செய்தால் இருபது எண்களை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? சராசரியோடு முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் சேர்த்து எழுதினால் தேவையானது எல்லாம் கிடைத்துவிடும். உடல் எடைக்காகவோ பொது ஆரோக்கியத்துக்காகவோ வாரம் ஒரு முறை இடைவெளிப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இது தாராளமாகப் போதும். சுற்று வாரியாக எழுதாததற்காக அவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

## முறை 2: ஒவ்வொரு சுற்றும் தனிப் பதிவு

ஒவ்வொரு 500ஐயும் தனித்தனியாக, எட்டுப் பதிவுகளாக, கான்செப்ட்2இன் ஆன்லைன் பதிவேடான லாக்புக்கில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று நேரம் கிடைக்கும் என்பதால் முதல் முறையின் குறை தீர்ந்துவிட்டது போலத் தெரியும். நான்கில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது இதுதான்.

முதல் இழப்பு ஓய்வு. எட்டுப் பதிவுகளில் எதிலும் அதற்கு இடமில்லை. இரண்டாவது இழப்பு வரிசை: எந்த 500 மூன்றாவது, எது ஏழாவது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். இவை போகட்டும், பெரிய சேதம் வேறு இடத்தில். கான்செப்ட்2 லாக்புக்கில் 500 மீட்டர் என்பது தரவரிசைக்கு உரிய தூரங்களில் ஒன்று. மே 1 முதல் ஏப்ரல் 30 வரை நடக்கும் ஒவ்வொரு சீசனிலும் உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் சிறந்த 500ஐ அதில் வைக்கிறார்கள். இடைவெளிப் பயிற்சி அந்தத் தரவரிசைக்குப் போகாது. தனி 500ஆக ஏற்றினால் போக வழி திறந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. குறிப்பிட்ட ஓய்வு வைத்த பயிற்சியில், ஓய்வு முடிய இரண்டு மூன்று விநாடி இருக்கும்போதே இழுக்கத் தொடங்கினால், சுற்று ஆரம்பிக்கும் நொடியில் சக்கரம் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும். நின்ற சக்கரத்தைக் கிளப்பும் முதல் சில இழுப்புகளின் செலவு அந்த நேரத்தில் வராது. அப்படிக் கிடைத்த 500 உங்கள் தனிப்பட்ட சாதனைப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிட்டால், நேர்மையாக நின்ற நிலையிலிருந்து தொடங்கி அதை முறியடிக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதைவிடச் சில்லறையான தொல்லை, வருடக் கடைசியில் எத்தனை முறை பயிற்சி செய்தேன் என்று பார்த்தால் எண்ணிக்கை எட்டு மடங்காக வீங்கியிருக்கும் என்பது.

இந்த முறைக்கு உரிய இடமும் உண்டு. உடம்பைச் சூடாக்கும் இழுப்பு, முக்கியப் பயிற்சி, தணிக்கும் இழுப்பு ஆகிய மூன்றையும் மூன்று பதிவாக வைப்பது சரியான பழக்கம். இல்லாவிட்டால் சூடாக்கிய மீட்டர்கள் முக்கியப் பயிற்சியின் சராசரியைக் கெடுக்கும். காலையில் 2,000 மீட்டர் சோதனை, நீண்ட இடைவேளைக்குப் பிறகு ஒரு 500 சோதனை என்று உண்மையிலேயே தனித்தனியான இரு முயற்சிகள் இருந்தாலும் தனிப் பதிவுதான் பொருத்தம்.

## முறை 3: மானிட்டரில் அமைத்து, செயலி வழியே ஏற்றுவது

கான்செப்ட்2 மெஷினின் பிஎம்5 மானிட்டரில் இடைவெளிப் பயிற்சிக்குத் தனி அமைப்புகள் உண்டு: தூர இடைவெளி, நேர இடைவெளி, மாறும் இடைவெளி. சுற்றையும் ஓய்வையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்தால், ஒவ்வொரு சுற்றின் நேரம், ஸ்பிளிட், நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு ஆகியவை நினைவகத்தில் நிற்கும். இலவசமான எர்க்டேட்டா செயலி கைப்பேசியில் இருந்தால் புளூடூத் வழியே லாக்புக்குக்கு ஏறிவிடும். கைப்பேசி வேண்டாம் என்பவர் யுஎஸ்பி பென் டிரைவைச் செருகிக்கொள்ளலாம். பழைய பிஎம்3, பிஎம்4 மானிட்டர்களில் இந்த வேலையை லாக்கார்டு என்ற அட்டை செய்தது.

பதிவின் தரத்தில் மற்ற மூன்றும் இதன் அருகில் வராது. காரணம் ஒன்றே: உழைத்த தூரத்தையும் ஓய்வில் இழுத்த தூரத்தையும் இது தனித்தனிக் கலங்களில் வைக்கிறது. சராசரி ஸ்பிளிட் உழைப்பிலிருந்து மட்டும் வருகிறது. ஓய்வில் நீங்கள் 50 மீட்டர் இழுத்தாலும் 300 மீட்டர் இழுத்தாலும் அது அசையாது. நீங்கள் கூட்டல் கழித்தல் எதையும் செய்ய வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்ல வேண்டும்.

பயிற்சியை முன்கூட்டியே அமைக்க வேண்டும். ஜிம்மில் ஒரே ஒரு மெஷின், பின்னால் இருவர் காத்திருக்கிறார்கள் என்னும்போது பீட் பிளானின் பிரமிடு பயிற்சியை, 250, 500, 750, 1000, 750, 500, 250 என்று ஒவ்வொன்றுக்கும் வேறு ஓய்வோடு, பொத்தான் அழுத்தி அமைத்துப் பாருங்கள், பொறுமை தெரியும். அதனால் பலர் 'ஜஸ்ட் ரோ' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, மனக்கணக்கில் சுற்றுகளைச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் மானிட்டர் தன் இஷ்டப்படி நேரத் துண்டுகளாகப் பிரிக்கும். ஒரு துண்டில் பாதிச் சுற்றும் பாதி ஓய்வும் கலந்து கிடக்கும். அந்தப் பதிவிலிருந்து எட்டு 500ஐப் பிரித்தெடுக்க முடியாது. மானிட்டரை நம்புவதென்றால் முழுதாக நம்ப வேண்டும். அரைகுறையாக நம்பினால் முதல் முறையின் முதல் வகைக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

ஓய்வைக் குறிப்பிடாமல் விடும் அமைப்பு ஒன்றும் உண்டு. அதில் நீங்கள் இழுக்கத் தொடங்கியதும் அடுத்த சுற்று தொடங்கும். தண்ணீர் குடிக்க, துடைத்துக்கொள்ள வசதிதான். ஆனால் ஓய்வு 3:30, 3:50, 4:20 என்று சத்தமில்லாமல் நீளும். எட்டாவது சுற்று வேகமாக வந்ததற்குக் காரணம் உடற்திறனா, நீண்ட ஓய்வா என்ற சந்தேகம் அதிலேயே முளைக்கும். நான் குறிப்பிட்ட ஓய்வைத்தான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது, மானிட்டருக்குத் தெரியாதவை. இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கினீர்கள், மே மாத மதியத்தில் ஜிம்மின் ஏசி வேலை செய்யவில்லை, ஐந்தாவது சுற்றில் கால் பட்டை அவிழ்ந்தது ஆகிய எதுவும் அதன் நினைவகத்தில் இராது. லாக்புக்கில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. தானாக ஏறுகிற வசதி வந்துவிட்டால் அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. எண்கள் பெருகப் பெருகச் சொற்கள் குறைகின்றன.

தரவைத் திரும்ப எடுப்பதிலும் கவனம் வேண்டும். லாக்புக்கிலிருந்து ஒரு சீசன் முழுவதையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நல்ல வசதி. ஆனால் அதில் ஒரு பயிற்சிக்கு ஒரு வரிதான்: உழைத்த நேரம், ஓய்வு நேரம், உழைத்த தூரம், ஓய்வுத் தூரம், சராசரி. சுற்று வாரியான விவரம் அந்த வரியில் இல்லை. சீசன் கோப்பை இறக்கி வைத்திருப்பதால் எல்லாம் பத்திரம் என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானிட்டர் பேட்டரியில் ஓடுகிறது. இழுக்கும்போது சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஊரில் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. சுவரில் செருகினால்தான் விழிக்கும் மெஷின்களை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

## முறை 4: நோட்டு அல்லது எக்செல்

நீர்த் தொட்டி வைத்த மெஷின், காந்தத் தடை மெஷின் ஆகியவற்றில் இழுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. அவற்றின் மீட்டர் வேறு, கான்செப்ட்2 மீட்டர் வேறு. காந்தத் தடையில் நிலை 8 என்பது ஒரு மாடலில் ஒன்று, இன்னொன்றில் வேறு. ஆகவே இந்தப் பதிவேட்டில் மெஷினின் பெயரும் தடை நிலையும் இல்லாத வரி செல்லாது. மணிக்கட்டுக் கடிகாரத்தை நம்பி எழுதுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அது கை அசைவிலிருந்து ஊகிக்கிறது, சக்கரத்தை அளக்கவில்லை. இதயத் துடிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், தூரத்துக்கு வேண்டாம்.

நோட்டின் பலம், நீங்கள் நினைத்ததை நினைத்த இடத்தில் எழுதலாம் என்பது. ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

*8×500 / ஓய்வு 3:30 / டிராக் 118 / 52.0 52.1 51.8 52.0 52.3 52.2 52.0 48.8 / சரா. 1:51.7 / 6இல் மூச்சு ஏறியது, 8இல் மிச்சம் இருந்தது*

நிமிடத்தை விட்டுவிட்டு விநாடியை மட்டும் எழுதுவது பழக்கமானவர்கள் செய்வது. ஒன்று என்ற எண் எல்லாச் சுற்றுக்கும் பொதுதானே. கடைசி ஆறு சொற்களில் இருப்பதை எந்தச் செயலியும் தராது.

எக்செலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. ஒன்று நேரத்தைத் தட்டுவது. 1:52 என்று தட்டினால் எக்செல் அதை ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும், 1:52.0 என்று தசமப்புள்ளியோடு தட்டினால் நிமிடம், விநாடி என்று புரிந்துகொள்ளும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால் சராசரி கோமாளித்தனமாக வரும். நேராக விநாடியிலேயே, 112.0 என்று, எழுதிவிடுவது நிம்மதி.

இரண்டாவது பள்ளம் ஆழமானது, கண்ணுக்கும் தெரியாது. சுற்றுகள் சமமான தூரமாக இல்லாதபோது ஸ்பிளிட்டுகளைக் கூட்டி வகுத்தால் வருவது உண்மையான சராசரி அல்ல. பிரமிடு பயிற்சியில் ஏழு சுற்றின் ஸ்பிளிட் முறையே 1:46, 1:50, 1:53, 1:54, 1:53, 1:50, 1:44 என்று வையுங்கள். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 1:50.0. உண்மையில் 4,000 மீட்டருக்கு ஆன மொத்த நேரம் 14:52.0, அதாவது ஸ்பிளிட் 1:51.5. ஒன்றரை விநாடி பொய். குட்டையான 250 மீட்டர் சுற்றுக்கும் 1,000 மீட்டர் சுற்றுக்கும் ஒரே ஓட்டு கொடுத்ததால் வந்த வினை. அடுத்த முறை 1:50 இலக்கோடு உட்கார்ந்தால் நான்காவது சுற்றில் உடம்பு கணக்குக் கேட்கும்.

நேரச் சுற்றுகளில் சுற்றுகள் சமமாக இருந்தாலும் இந்தத் தவறு நுழையும். நான்கு நிமிடத்தில் 1,200 மீட்டர், மற்றொரு நான்கு நிமிடத்தில் 1,000 மீட்டர்: ஸ்பிளிட் 1:40, 2:00. நடுவில் 1:50 என்று தோன்றும். எட்டு நிமிடத்தில் 2,200 மீட்டர் என்பது 1:49.1. எந்தப் பயிற்சியானாலும் மொத்த நேரத்தை மொத்தத் தூரத்தால் வகுத்து 500ஆல் பெருக்குங்கள். ஸ்பிளிட்டுகளுக்கு எக்செலின் சராசரி வாய்ப்பாட்டைப் போடவே போடாதீர்கள்.

மானிட்டர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதையும் ஒரு முறையாகச் சிலர் சொல்கிறார்கள். பயிற்சியாளருக்கு அனுப்ப அது நல்ல சான்று. பதிவேடு ஆகாது; திருமணப் படங்களுக்கும் பாங்க் ரசீதுகளுக்கும் நடுவே போன மார்ச்சின் 8×500ஐத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஒரே வரி | தனித்தனிப் பதிவு | மானிட்டர் + செயலி | நோட்டு / எக்செல் |
|---|---|---|---|---|
| அடுத்த இலக்கை வைக்க | ஓரளவு | வரிசை மறந்துவிடும் | நன்று | நன்று |
| ஓய்வு | எழுதினால் உண்டு | இல்லை | உண்டு, தனிக் கலத்தில் | எழுதினால் உண்டு |
| சராசரி தவறும் வாய்ப்பு | ஓய்வைச் சேர்த்தால் பெரிது | சராசரியே வராது | மிகக் குறைவு | சூத்திரத்தைப் பொறுத்தது |
| உடல்நிலை, சூழல் | இடமில்லை | இடமில்லை | இடம் உண்டு, எழுதுவோர் குறைவு | தாராளம் |
| உழைப்பு | மிகக் குறைவு | மிக அதிகம் | தொடக்கத்தில் மட்டும் | ஒவ்வொரு முறையும் |
| எந்த மெஷினுக்கு | எதற்கும் | எதற்கும் | மானிட்டர் ஒத்துழைத்தால் | எதற்கும் |

## யார் எதை எடுப்பது

பீட் பிளான் போன்ற திட்டத்தில் இருப்பவர், சொந்தமாகவோ ஜிம்மிலோ பிஎம்5 கிடைக்குமென்றால், மூன்றாவது முறையை எடுத்து, அதற்கு மேல் நோட்டில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும் என்பேன். எண்களைத் திரும்ப எழுதத் தேவையில்லை. தேதி, பயிற்சியின் பெயர், சராசரி, உடம்பு என்ன சொன்னது, அடுத்த முறை என்ன வேகத்தில் தொடங்குவது. அந்தக் கடைசிக் குறிப்பை மெஷினிலிருந்து இறங்கியதும் எழுதிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே பயிற்சி திரும்பி வரும்போது உங்களுக்குத் துணிச்சல் அதிகமாக இருக்கும், ஞாபகம் குறைவாக இருக்கும்.

ஜிம் மெஷினில் கைப்பேசியை இணைக்க முடியாதவர், அல்லது தினம் வேறு மெஷின் கிடைப்பவர், நான்காவது முறைக்கு வரட்டும். பயிற்சி முடிந்ததும் மானிட்டர் நினைவகத்தைத் திறந்து எட்டு எண்களையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், அடுத்தவர் தன் பயிற்சியை அமைக்கும் முன். டிராக் ஃபேக்டரைப் பயிற்சிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இவருக்குத்தான் அந்த எண் மற்ற யாரையும்விட அவசியம்.

குழுவாகப் பயிற்சி செய்கிற துடுப்பு வீரர்களுக்குப் பயிற்சியாளர் எந்த வடிவத்தில் கேட்கிறாரோ அதுதான் முறை, விவாதம் வேண்டாம். உடல்நலத்துக்காக இழுப்பவருக்கு ஒரே வரி. மெஷின் வாங்கி முதல் இரண்டு மாதத்தில் இருப்பவருக்கும் ஒரே வரிதான். அவருடைய வேகம் வாரத்துக்கு வாரம் எப்படியும் மாறும், சுற்று வாரியான நுணுக்கம் இப்போதைக்குச் சுமை.

## பாதியில் முறை மாற்றுகிறவர்களுக்கு

ஏற்கெனவே ஒரு வருடம் கலப்படமாக எழுதியவர்கள் பழையதை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பின்னோக்கித் திருத்தப் போகாதீர்கள். ஓய்வு எவ்வளவு என்று நினைவில் இல்லாத வரியில் ஊகித்து எழுதினால், தெரியாதது தெரிந்தது போல ஆகிவிடும். முன்பு ஓய்வைச் சேர்த்துச் சராசரி போட்டவர், அந்த வரிகளின் பக்கத்தில் 'ஓய்வு உள்ளடக்கம்' என்று மட்டும் குறித்துவிட்டு நகரலாம். தனித்தனிப் பதிவாக ஏற்றிய 500களில் தரவரிசைக்குப் போனவை இருந்தால் அவற்றை மட்டும் விலக்கிக்கொள்ள வேண்டும். அது மற்றவர்களின் பட்டியலும்கூட.

மாற்றுவதற்கு நல்ல நாள் மே 1. லாக்புக்கின் சீசன் அன்று புதிதாகத் தொடங்குவதால், பழைய முறையும் புதிய முறையும் ஒரே சீசனின் வரைபடத்தில் கலக்காது. அதுவரை பொறுக்க முடியாதவர்கள், புதிய முறையின் முதல் பயிற்சியாகத் தாங்கள் அடிக்கடி செய்யும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 8×500, ஓய்வு 3:30, நின்ற சக்கரத்திலிருந்து முதல் சுற்று, பழக்கமான டிராக் ஃபேக்டர். இனி வரும் ஒவ்வொரு 8×500ஐயும் அந்த வரியோடு ஒப்பிடலாம்.